மூக்குத்தியும் மூச்சு மிஷினும்

நான் உறங்குவதை நான் பார்த்ததில்லை. எல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். குறட்டை விடுகிறேன் என்றார்கள். வயதானால் எல்லாரும் விடுவதுதானே என்று இருந்தேன். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோகிறது என்றார்கள். அதை எப்படி நம்புவது? நின்ற மூச்சு திரும்ப வந்ததால்தானே காலையில் எழுந்து முற்றம் பெருக்குகிறேன்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் பகல்தான். பகலில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கண் செருகிவிடும். தேங்காய் துருவ உட்கார்ந்து, மூடி கையில் இருக்க அப்படியே உறங்கி, துருவியின் பல் உள்ளங்கையில் கீறித்தான் விழித்திருக்கிறேன். அதற்குப் பயந்து நின்றுகொண்டே இருப்பேன். அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடப்பேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவேன்.

"ஏட்டி, ஒரு எடத்துல இரியேன். ஒன்னப் பாத்தா எனக்கு வெப்ராளமா வருது" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் பேச்சிப்பாறை வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை வாயில் வைத்தபடியே நின்று உறங்கக்கூடிய ஆள் என்று கூட வேலை பார்த்த டிரைவர் இன்றைக்கும் கேலி செய்வார். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரி நல்ல உறக்கம் வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அது ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் நான்.

என் குறட்டை அவருக்குப் பழகிப்போயிருந்தது. குறட்டை நிற்கும்போதுதான் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். மறுபடியும் நான் மூச்சை இழுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாராம். பொறுக்க முடியாவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவார். அது மட்டும் எனக்கே தெரியும். அடுத்த அறையில் போய்ப் படுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"அங்க போய்க் கெடந்தா சத்தம் நின்னது எனக்கு எப்பிடிட்டி தெரியும்?" என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்கு இது தெரிந்துவிட்டது. ஒருநாள் போன் செய்தான். இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆள், அதனால் நானும் கேட்டேன்.

"அப்பா இங்க எங்கூட வந்து இரிக்கட்டும். அம்மை மார்த்தாண்டத்துல அக்காகூட இருந்தாப் போரும். ரெண்டுபேரும் ஒண்ணா இருந்தா ரெண்டுபேருக்கும் கேடு."

கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில்தான் சொன்னான். அவன் குரல் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுச் சாமானைப் பங்கு வைக்கிறதுபோல உருளி உனக்கு, அண்டா எனக்கு என்று எங்களைப் பிரித்துவிட்டானே என்று இருந்தது. கல்யாணமாகி வந்த நாள்முதல், அவர் டிப்போவில் தங்குகிற ராத்திரிகள் தவிர, நாங்கள் வேறு வேறு வீட்டில் இருந்ததில்லை. வேண்டாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"பாப்பம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் என்னை அன்று முழுவதும் அரித்தது.

மகள் வந்து என்னை நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் ஒட்டி உறங்கவைத்துப் பார்த்தார்கள். உறங்கும்போது தொண்டை ஒட்டிக்கொண்டு காற்று போக வழியில்லாமல் ஆகிறது, காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்க ஒரு மிஷின் உண்டு, மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தினமும் அதோடுதான் உறங்க வேண்டும் என்றார் டாக்டர். சீபாப் மிஷின் என்று பெயர். என் வாயில் அது நுழையவில்லை. மூச்சு மிஷின் என்றே சொல்லிக்கொண்டேன்.

இதைக் கேட்டபின் மகன் போனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். "சரி, மிஷின் வாங்கிப் போட்டுப் பாருங்க. அப்பா நல்லா ஒறங்குனா எனக்கு ஒண்ணுமில்ல. இல்லேன்னா பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்தி வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றான்.

அதனால் அந்தக் கடைக்குப் போகும்போது நான் மிஷின் வாங்கப் போவதாகவே நினைக்கவில்லை. இவரை வீட்டில் நிறுத்தி வைக்க ஏதோ ஒன்று வாங்கப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நாகர்கோவிலில் மாடிப்படி ஏறிப் போகிற கடை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கக்கூஸ் நாற்காலி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் எதை வாங்க வந்திருக்கிறேன் என்று நினைப்பார்கள்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். மாஸ்க் பொருத்திக் காட்டுவதற்கு ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. மூக்கில் துளையே இல்லை. முகத்தை மழித்து வைத்ததுபோல அத்தனை பளிச்சென்று இருந்தது.

அவள் ஒரு பிளாஸ்டிக் அட்டையை என் மூக்கோடு சேர்த்து வைத்து அளவு பார்த்தாள். என் முகத்தை இவ்வளவு பக்கத்தில் ஒருவர் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஊசி ஒண்ணும் போடலம்மா. கண்ணத் தொறங்க" என்று சிரித்தாள்.

மூன்று விதம் எடுத்துப் போட்டாள். ஒன்று, மூக்குத் துவாரங்களில் இரண்டு ரப்பர் குமிழைச் சொருகிக்கொள்வது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தும்மல் வந்தது. இன்னொன்று மூக்கை மட்டும் மூடுகிற சின்ன முக்கோணம். மூன்றாவது, மூக்கு வாய் இரண்டையும் சேர்த்து மூடுகிற பெரியது. ரப்பர் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் கட்டுவதுபோல இருந்தது. அதைக் கையில் எடுத்ததுமே நான் தலையை ஆட்டிவிட்டேன்.

"அந்தப் பெரிசு வேண்டாம் பிள்ளே" என்றார் இவர். "சும்மாவே இவ ஒரு நாளைக்கு நாலு வார்த்ததான் பேசுவா. வாயையும் மூடியாச்சுன்னா எனக்கு ரேடியோதான் கதி."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சின்னதே போதும் என்று கை காட்டினேன். அப்போது மகனிடமிருந்து போன் வர, இவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். அவள் வாரைப் பிடித்து என் கொண்டைக்கு மேலும் கீழுமாக மாட்டி, மாஸ்க்கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மிஷினைப் போட்டாள். காற்று வந்தது. வேகமாக ஓடுகிற பஸ்ஸில் சன்னல் பக்கம் முகத்தை நீட்டியது மாதிரி இருந்தது. அவள் கையை எடுத்ததும் மூக்கின் வலது பக்கம் புஸ்ஸென்று சத்தம்.

"இந்த மூக்குத்திக் கல்லு இடிக்குதும்மா. அதான் காத்து போகுது. கெடக்கும்போ கழத்தி வச்சிருங்க. காலத்த எழும்பிப் போட்டுக்கிடலாம்" என்றாள்.

தண்ணீர்ச் செம்பைக் கழுவி வையுங்கள் என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். அவள்மேல் குற்றமில்லை. நான் "ம்" என்றேன். இவர் திரும்பி வந்தார். மிஷினைப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் அதை வைத்துக்கொண்டு வந்தேன். மற்ற நாளாக இருந்தால் பஸ் ஏறியதும் உறங்கிவிடுவேன். அன்றைக்குக் கண் மூடவில்லை.

எங்கள் வீடுகளில் என் வயதுப் பெண்கள் மூக்குத்தியைச் சும்மா கழற்றுவதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சேலைக்கு ஒன்று மாற்றுகிறார்கள், அது வேறே. எங்களுக்கு அதைக் கழற்றுகிற நாள் ஒரே ஒரு நாள்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பா போனார். கிணற்றடியில் வைத்து நாலைந்து பெண்கள் அம்மையின் மூக்குத்தியைத் திருகிக் கழற்றினார்கள். திருகு இறுகிப்போயிருந்ததால் வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அம்மை முகம் கழுவி வரும்போதெல்லாம் அந்தத் துளையில் ஒரு பொட்டுத் தண்ணீர் நிற்கும். அதைத் துடைக்கவே மாட்டாள். நான் பார்க்காததுபோல இருப்பேன்.

இதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? கழற்றமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம், நீங்கள் இல்லாத அன்றைக்குத்தான் இதைக் கழற்றலாம் என்று என் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவரவே எனக்குப் பயம்.

அதனால் மூக்குத்தியோடு மாட்டிக்கொண்டு படுத்தேன். காற்று கல்லின் ஓரமாக வழி கண்டுபிடித்து நேரே என் கண்ணுக்குள் அடித்தது. வாரை இன்னும் இழுத்துக் கட்டினேன். கன்னத்தில் தடம் விழுந்ததே தவிர சத்தம் நிற்கவில்லை. கல்லின்மேல் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பிளாஸ்திரி ஒட்டினேன். பழைய சேலையில் துண்டு கிழித்து மடித்துச் சொருகினேன். ஒன்றும் ஆகவில்லை. புஸ்ஸென்கிற சத்தத்தில் இவர் விழித்துக்கொள்வார். இவர் விழித்தது தெரிந்ததும் நான் மாஸ்க்கைப் பிடுங்கித் தலையணைக்கடியில் தள்ளிவிடுவேன். பிறகு பழைய குறட்டை. இவர் மறுபடியும் எழுந்து உட்கார்வார்.

மிஷினில் ஒரு சின்னத் திரை உண்டு. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அஞ்சாம் கிளாஸோடு நின்ற எனக்கு அது எங்கே தெரியும்? ஆனால் மாஸ்க் சரியாகப் பொருந்தினால் சிரித்த முகம், காற்று கசிந்தால் அழுத முகம் என்று படம் போட்டிருந்தான். அது நன்றாகவே புரிந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அந்த அழுமூஞ்சியில்தான் விழித்தேன்.

அதைவிடக் கஷ்டம், அந்த மிஷின் ராத்திரி நடப்பதையெல்லாம் கோயம்புத்தூருக்குச் சொல்லிவிடும். மகனுடைய போனில் வந்துவிடுமாம். நான் எத்தனை நேரம் உறங்கினேன், எப்போது மாஸ்க்கைப் பிடுங்கினேன், எல்லாம். பல் தேய்ப்பதற்குள் போன் வரும்.

"எம்மா, லீக்கு லீக்குன்னே காட்டுகு. செத்த நேரங்கூட நீ போடலியே. இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் குடுத்தா இப்பிடிப் பண்ணுதியே."

"போடுகேன் மக்களே."

"போடுகேன் போடுகேன்னு சொல்லுக. எங்க போடுக? எனக்குத் தெரியாதா?"

பெற்ற பிள்ளைதான். இருந்தாலும் நான் உறங்குவதை அவன் அங்கே உட்கார்ந்து பார்க்கிறான் என்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. மிஷினின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தேன். அப்படியும் சொல்லிவிட்டது.

எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு மிஷின் பிடிக்கவில்லை, பிடிவாதம் பிடிக்கிறேன் என்று. மகளும் அதைத்தான் சொன்னாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி வரும். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் இவர் பரணில் இருந்து தன்னுடைய பழைய பையை இறக்கித் தூசி தட்டினார். டிப்போவில் தங்குகிற நாட்களில் கொண்டுபோகிற பை. அதில் இரண்டு வேட்டியை மடித்து வைத்தார்.

"ஒனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். நான் ராத்திரி ராத்திரி உலுக்காம இருப்பேம்லா" என்றார். குரலில் கேலி இல்லை.

தான் போவதுதான் எனக்கு வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுக்களைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தைக் கழுவினேன்.

மறுநாள் காலையில் காய்கறி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜங்ஷனில் இருக்கும் பொன்வேலை ஆசாரியிடம் போனேன். ராத்திரி முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இதைக் கழற்றிய கையோடு, நொடி நேரம்கூட மூக்கு வெறுமையாக இல்லாமல், தட்டையான ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். சொருகிச் சொருகிப் பழகியவர் கை, கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடும். அப்படியானால் கழற்றியதாகாது அல்லவா? மாற்றியதுதானே? நடக்க நடக்க இதையே எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லச் சொல்ல மனசு இன்னும் பறந்தது.

நான் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. மாஸ்க்கின் காற்று அடித்து அடித்து என் கண்கள் ரெண்டும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தன. நெற்றியில் ஒட்டியிருந்த பொட்டு, மாஸ்க்கின் நெற்றிப்பட்டையில் ஒட்டிக்கொண்டு கழன்றுபோயிருந்தது. அவசரத்தில் கண்ணாடி பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

ஆசாரி தலை குனிந்து ஏதோ ஊதிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரரை அவருக்குத் தெரியும். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும் தெரியும். நான் போய் நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"இந்த மூக்குத்தியக் கழத்தணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் இருந்த குழலைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சிக்கு... எப்பம்மா?" என்று கேட்டார்.

எந்தச் சொல்லை நான் வீட்டுக்குள் வரவிடாமல் காவல் காத்தேனோ, அதை ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். இல்லை, அவர் நன்றாக இருக்கிறார், பையில் வேட்டி மடித்து வைக்கிறார் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பி நடந்தேன். பின்னால் அவர், "எக்கா, நிக்கணும், தனியாவா வந்திய?" என்று கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை. தண்ணீர் ஓடும் சானல் கரை வழியே யார் கண்ணிலும் படாமல் வீடு வந்து சேர்ந்தேன். கையில் காய்கறி இல்லை. இவர் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் இவர் முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நின்றேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டிரைவர் அண்ணாச்சி இறங்கினார், இவரோடு பேச்சிப்பாறை வண்டி ஓட்டியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் பைக்குள் பெரிய ரோஜா மாலை. தலையைக் குனிந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

"ஓய், ஆருக்குவே மாலை?" என்றார் இவர்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"நீரு... இருக்கீரா?"

"எனக்கு இருக்க மாதிரிதான் தோணுகு. நீருதான் பாத்துச் சொல்லணும்."

"வெளையாடாதேயும் ஓய். பாதி வழியில எனக்க நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஆசாரியில்லா போன்ல சொன்னான்? மைனி காலத்த வந்து மூக்குத்தியக் கழத்தணும்னு கேட்டாவளாம். பொட்டு இல்லியாம், கண்ணெல்லாம் செவந்து கெடந்துதாம். எப்பன்னு கேட்டதுக்கு அழுதுட்டே போயிட்டாவளாம். பொறவு நான் என்னத்த நெனைக்க?"

துட்டி கேட்க வந்தவருக்கு நாற்காலி போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இவர் சாயாக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மாலையை வாங்கிப் பார்த்தார்.

"தோவாளப் பூவாக்கும். நல்ல கனம். சர்வீஸ்ல இருந்து எறங்குன அன்னைக்குக்கூட நீரு இம்புட்டுப் பெரிய மால போடலியே ஓய்" என்று சொல்லி, எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அதக் கழத்துங்கோ!"

கத்தியது நான்தான். எனக்கே தெரியவில்லை. கல்யாணமாகி வந்ததில் இருந்து அவரிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதில்லை. ஓடிவந்து மாலையைப் பிடித்து இழுத்தேன். நார் அறுந்து ரோஜாப்பூ முற்றமெல்லாம் சிதறியது. "செத்தவங்களுக்குக் கொண்டுவந்ததக் கழுத்துல போடுகியளா? புத்தி இருக்கா? நான் ஒண்ணக் கழத்தமாட்டாம இங்க கெடந்து சாவுகேன்..."

பிறகு எல்லாம் வந்துவிட்டது. கடைக்காரப் பெண் சொன்னது, கல் இடித்தது, பஞ்சு, பிளாஸ்திரி, அம்மையின் மூக்கில் நின்ற தண்ணீர், எல்லாம். டிரைவர் அண்ணாச்சி முன்னால் வைத்துச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லை. நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதை இருவருமே அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள்.

நான் பேசி முடித்தேன். அண்ணாச்சி குனிந்து பூக்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். "இத வீட்டுல வைக்காண்டாம். போற வழியில சானல்ல விட்டுருகேன்" என்றார். ஆட்டோ ஏறும்போது இவரைப் பார்த்து, "ஒறங்காம கெடந்து நெஜமாவே போயிராதேயும். இன்னொரு மால வாங்க என்னால ஆகாது" என்றார்.

இவர் உள்ளே போய், மடித்து வைத்த வேட்டிகளைப் பையில் இருந்து எடுத்துக் கொடியில் போட்டார். அப்புறம் வந்து என் முன்னால் நின்றார்.

"நான் போறதுதான் ஒனக்குக் கொள்ளாம்னுல்லா ஏட்டி நெனச்சேன்" என்றார்.

மறுநாளே இரண்டுபேருமாக அந்தக் கடைக்கு ஏறினோம். இவரே பேசினார். "பிள்ளே, இவளுக்க மூக்குத்தி இருக்க எடத்துலதான் இருக்கும். அதுக்கக் கணக்குல ஒரு மாஸ்க்கு எடு."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றாள். அந்தப் பெரிய மாஸ்க்கை எடுத்துவந்தாள். ரப்பர் தோட்டத்து மாஸ்க். மூக்கும் வாயும் மூக்குத்தியும் எல்லாமே அதற்குள் அடங்கிவிட்டன. விளிம்பு கல்லைத் தொடவே இல்லை. மிஷினைப் போட்டாள். முதலில் மூச்சு முட்டியது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். காற்று போய் வரும் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. திரையில் சிரித்த முகம். இவர் குனிந்து பார்த்து, "இந்தா, மிஷினே சிரிக்குகே. நீ எப்ப சிரிக்கப்போற?" என்றார். மாஸ்க்குக்குள் சிரித்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் பகலில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். காலையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. மிஷினுக்குள் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் வேண்டும் என்றார்கள். பஸ் பேட்டரிக்கு ஊற்றுகிற வெள்ளமும் அதுதான் என்று டிரைவர் அண்ணாச்சி கேன் கொண்டுவந்தார். மருந்துக்கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று மகள் போனில் சத்தம் போட்டதால் அந்தக் கேன் திரும்பிப் போயிற்று. என் சத்தம் அடங்கியதும் இவருக்கு உறக்கம் வரவில்லை. அது வேறு கூத்து. எழுந்து உட்கார்ந்து, மாஸ்க்குக்குள் மூச்சின் ஆவி படிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பைய அதுவும் பழகியது.

சொன்னபடியே பள்ளிக்கூடம் திறக்கும் முன் மகன் காரில் வந்தான். ராத்திரி எங்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் போல. காலையில் நான் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்களைக்கு வரும்போது அவன் புறப்பட்டு நின்றான். கையில் கார்ச் சாவி மட்டும்தான்.

"அப்பா இன்னும் எழும்பல. எழுப்பட்டுமா மக்களே?" என்றேன்.

"வேண்டாம்மா, எழுப்பாண்டாம். ஒறங்கட்டும்" என்றான். சத்தம் கேட்கக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டுக்கொண்டான். பலாச்சுளை வறுத்ததைப் பொதிந்து கொடுத்தேன். முன் சீட்டில் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் அதை வைத்துக்கொண்டு போனான்.

கார் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். கண் செருகவில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. பாதி மூடியை வைத்துவிட்டு எழுந்தேன். அறைக்குப் போனேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி அசையாமல் கிடந்தார். இவ்வளவு நேரம் இவர் உறங்கி நான் பார்த்ததில்லை. எத்தனையோ ராத்திரி இவர் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, விரலை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தேன். சூடாகப் பட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.